ஞாயிறு, ஐந்திலிருந்து ஆறு

ஐந்து நாலு. எதிர்ச் சுவரில் புத்தம் புது ஸ்கோர்போர்டு. இன்னும் ஒரு ஆட்டத்தைக்கூடக் காட்டாதது, இப்போதைக்கு மணியை மட்டும் சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் மேடையைப் பார்த்தபடி, அதாவது என்னைப் பார்த்தபடி. நாலு நிமிஷம் போய்விட்டது, இன்னும் ஐம்பத்தாறு. இந்த ஐம்பத்தாறு நிமிஷமும் நான் இருக்கவேண்டிய இடம் இதுவல்ல. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், நுழைவுப் பாலம் தாண்டி இரண்டாவது சந்தில், பச்சை கேட் போட்ட எங்கள் வீட்டில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, கோகிலவாணி நாச்சிமுத்து, டென்னிஸ், ஈரோடு, வீட்டில். வருஷத்தின் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் இப்படி ஒரு மணி நேரத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டுவார்கள். தட்டும்போது ஆள் இருக்கவேண்டும், இருந்து, அவர்கள் கண் முன்னாலேயே ஒரு குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் மருந்து சாப்பிட்டவளும் நானும் ஒன்று, இரண்டு வருஷம் தடை. எனக்கு ஏற்கெனவே இரண்டு. எனக்கு வயது முப்பத்து மூன்று. முப்பத்தைந்தில் திரும்பி வந்து யாருடன் ஆடுவது. மைக்கைப் பிடித்திருக்கிற முன்னாள் கவுன்சிலர் என் பிறந்த நட்சத்திரத்தைத் தவிர எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அழைப்பிதழில் மாலை மூன்று மணி என்றுதான் அச்சடித்திருந்தார்கள். மூன்றுக்கு ஆரம்பித்தால் நாலுக்குள் அரங்கத்தின் பெயர்ப் பலகைத் திரையை இழுத்துவிடலாம், நாலரைக்குள் வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம், அப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஐந்து மணியை எழுதினேன். வழக்கமாகக் காலை ஆறு மணி, இன்றைக்குக் காலையில் ரயிலில் இருந்ததால் முடியவில்லை. அமைச்சர் வந்தது நாலு முப்பத்தெட்டுக்கு. அதற்கு எட்டு நிமிஷம் முன்னால் ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, நாலரையிலிருந்து ஆறு. இந்த மேடையில் இருக்கிற பதினாலு பேரில் ஒருவர்கூட அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவில்லை. அமைச்சர் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவரில்லை, அதை மேடைக்கு மேடை அவரே சொல்வார். ஆனால் காரிலிருந்து இறங்கியதும் அவர் மணியைப் பார்த்தார், டென்னிஸ் சங்கச் செயலாளர் குழந்தைவேலு அவரைப் பார்த்தார், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிற கல்லூரி அம்மாள் குழந்தைவேலுவைப் பார்த்தார், நிகழ்ச்சி நிரல் தலைகீழாகிவிட்டது. முதலில் பெயர்ப் பலகை திறப்பு, பிறகு உரைகள் என்றிருந்தது, முதலில் உரைகள், பிறகு திறப்பு என்றாகிவிட்டது. ஆறு மணி வரை யாராவது பேசிக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான். பேச ஆளுக்கா பஞ்சம் இந்த ஊரில். எனக்கு விஷயம் உறைத்தபோது நாலு ஐம்பது. அப்போதும் பத்து நிமிஷம் இருந்தது, ஐந்து மணி ஆவதற்குள் செல்போனில் இடத்தை மாற்றிவிட்டால் போதும், வீடு என்பதை எடுத்துவிட்டு அரங்கம் என்று போட்டால் முடிந்தது. செல்போன் அம்மாவிடம். பட்டுச் சேலையில் ஜேபி கிடையாது, கைப்பையோடு மேடையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று நானேதான் அம்மா மடியில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா முதல் வரிசையில் நாலாவது நாற்காலியில் இருக்கிறாள், இங்கிருந்து இருபதடி. நான் நடுவிரல்கள் மூன்றையும் மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, காதருகே கொண்டுபோனேன். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பையைத் திறந்தாள், போனை எடுத்தாள், தூக்கிப் பிடித்து என்னை ஒரு போட்டோ எடுத்தாள். நான் தலையை ஆட்டி, கையை நீட்டி, இங்கே கொடு என்றேன். பக்கத்திலிருந்த தொண்டரிடம் ஏதோ சொன்னாள், ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. இதுவரை மூன்று பாட்டில் வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று மூன்றையும் குடித்துவிட்டேன்.

ஐந்து பதினேழு. எழுந்து போய்விட்டால் என்ன. உயிர் போகிற மாதிரியான கேள்வி இல்லை இது, இருபதடி நடந்து படியிறங்கி வெளியே போய் ஒரு ஆட்டோ. ஆனால் எனக்கு வலப்பக்கம் கலெக்டர், இடப்பக்கம் குழந்தைவேலு, முன்னால் மைக் வயர், மடியில் ஒன்பது பொன்னாடை. கலெக்டரைத் தாண்டவேண்டுமென்றால் அவர் எழுந்து நாற்காலியை நகர்த்தவேண்டும். குழந்தைவேலுவிடம் சொல்லிப் பார்த்தேன், சொல்லாமல் இல்லை. அண்ணா, நான் ஆறு மணிக்குள்ள வீட்ல இருந்தாகணும், கட்டாயம் என்றேன். அவர் பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவர், ஜெர்மனியிலிருந்து வந்தாலும் காங்கேயத்திலிருந்து வந்தாலும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பதில்தான். "ஒரே நிமிசம் அம்மிணி. இதோ ஆயிரும்." டெஸ்ட் எடுக்க வருவாங்கண்ணா, நான் இல்லன்னா பிரச்சனை என்றேன். "டெஸ்ட்டா? உடம்புக்கு என்னுங்?" என்றார், குரலில் நிஜமான கவலை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மருந்து சாப்பிட்டிருக்கிறேனா என்று பார்க்கிற சோதனை என்று இந்த மேடையில், கலெக்டர் காதில் விழ, எப்படிச் சொல்வது. அந்த ஒரு வார்த்தை போதும், நாளைக்குள் ஊரெல்லாம் நான் மருந்து சாப்பிட்டவள். ஒன்றுமில்லீங்ணா என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து நாலாவது பாட்டிலைத் திறந்து நீட்டினார். வராமலும் போகலாம். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வருஷத்தில் எட்டுத் தடவை வருவார்கள், மிஞ்சினால் பத்து, மற்ற நாட்களில் அந்த ஒரு மணி நேரம் சும்மா போகும், நான் கதவைப் பார்த்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். முன்னூற்று அறுபத்தைந்தில் பத்து. அப்படிப் பார்த்தால் இன்றைக்கு வருவதற்கு இடமே இல்லை. அப்படிப் பார்த்துத்தான் ஜனவரியில் மாட்டினேன். புனேயிலிருந்து ஒரு நாள் முன்கூட்டியே கிளம்பியவள் மாற்ற மறந்துவிட்டேன், ஒரே ஒரு நாள், அன்றைக்குத்தான் புனே ஹோட்டலில் வந்து நின்றிருக்கிறார்கள். அதற்கு முந்தினது போன அக்டோபரில், சென்னை ஃபிளாட்டில், நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன், கரண்ட் இல்லை, காலிங் பெல் அடிக்கவில்லை, மின்விசிறி இல்லாமல் மொட்டை மாடிப் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு அம்மாள் ஒரு மணி நேரம் பெல்லை அழுத்தியிருக்கிறாள், கதவையும் தட்டியிருக்கிறாள். நான் கடிதம் எழுதினேன், மின்வாரியத்தின் தகவலையெல்லாம் இணைத்து அனுப்பினேன். பெல் வேலை செய்வதைப் பார்த்துக்கொள்வது ஆட்டக்காரரின் பொறுப்பு என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான். அந்த அக்டோபர் கணக்கு இன்னும் ஏழு வாரத்தில் கழிந்துவிடும், ஏழே வாரம்.

இடுப்புக்குக் கீழே முட்டுகிறது. நாலு பாட்டில். காலை மாற்றிப் போட்டால் பொன்னாடை சரிகிறது, சரிந்தால் எடுக்கக் குனியவேண்டும், குனிந்தால் இன்னும் மோசம். இப்போது பேசுகிறவர் மாவட்ட உடற்கல்வி அதிகாரி, இவர் என்னை 'ஆடினார்' என்கிறார். வென்றார், சாதித்தார், நம் ஊருக்குப் பெருமை சேர்த்தார். வந்ததிலிருந்து எல்லோரும் இப்படி இறந்த காலத்தில்தான் பேசுகிறார்கள், நான் பக்கத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறேன், பதினோரு நாள் கழித்து சோலாப்பூரில் எனக்குப் போட்டி இருக்கிறது. சின்னப் போட்டிதான், தகுதிச் சுற்றிலிருந்து ஆடவேண்டிய போட்டி, எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒன்று நடப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இருக்கட்டும், போட்டிதானே. குழந்தைவேலு முதல் தடவை அரங்கத்துக்கு என் பெயர் வைக்கிற விஷயத்தைச் சொன்னபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் இன்னும் ஆடிட்டு இருக்கறனேங்ணா, இதெல்லாம் ஆடி முடிச்சவங்களுக்கு வெக்கறது என்றேன். அதற்கு அவர், "அதனாலதான் அம்மிணி இப்பவே வெக்கலாம்ங்கறது. ஆடி முடிச்சுட்டீன்னா யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார். அதில் துளி விஷமம் இல்லை, நல்லெண்ணத்தில் சொன்னார், அதனால்தான் இன்னும் குத்துகிறது. போய்ச் சேர்ந்தவர்கள் பெயரை வைத்தால் ஒரு சௌகரியம், அவர்கள் இனிமேல் யாரிடமும் தோற்கமாட்டார்கள். நான் போன மாதம் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு என்று தோற்றேன். இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இத்தனை பொன்னாடை வந்திருக்குமா.

காலையில் ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக இங்கேதான் வந்தேன், திருட்டுத்தனமாக, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு. வாசல் முகப்பில் ஏணி போட்டு ஒருத்தர் எழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டீல் எழுத்துகள், ஒவ்வொன்றும் என் முழங்கால் உயரம். கோகிலவாணி டென்னிஸ் அரங்கம். கொம்பும் காலும் தனித்தனியாகச் செய்திருந்தார்கள், புள்ளிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, என்ன பாக்கறீங்க என்றார், கெட்டியா இருக்குமா என்றேன். "ஒரு எழுத்துக்கு ரெண்டு போல்ட்டுங்க, புள்ளிக்கு மட்டும் ஒண்ணு. புயலடிச்சாலும் நிக்கும். வேண்டாம்னா நாளைக்கே ஸ்பேனர் போட்டுக் கழட்டிரலாம், அரை மணி நேரங்கூட ஆகாது" என்றார். அவர் கழுவித் துடைப்பதற்காகச் சொல்லியிருப்பார், அல்லது தன் வேலையின் சுத்தத்துக்காக. நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தடை என்று அறிவிப்பு வந்தால் என்ன செய்வார்கள். முதலில் சாக்கைப் போட்டு மூடுவார்கள், குழந்தைவேலு மரியாதை தெரிந்தவர், உடனே கழற்றமாட்டார். கூட்டம் போடுவார்கள், வருத்தத்துடன் தீர்மானம் நிறைவேற்றுவார்கள், ஒரு நாள் காலையில் அதே ஏணி, அதே ஆள். கழற்றிய பிறகு சுவரில் ஓட்டை இருக்கும், பெயர் இருந்த இடம் தெரியும்படி வரிசையாக இரண்டிரண்டு ஓட்டை. அம்மா தினமும் இந்த வழியாகத்தான் காய்கறி வாங்கப் போவாள். ஐந்து இருபத்தொன்பது.

அம்மா இப்போது நேராக உட்கார்ந்திருக்கிறாள், முந்தானையை இழுத்துச் செருகி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்து. அவள் இப்படி ஒரு சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா இருந்தவரை எந்த விசேஷத்திலும் அவள் ஓரத்தில்தான் நிற்பாள், அப்பா பாதியில் எழுந்து போய்விடுவார் என்பதால். லோகோ ஷெட்டில் ஃபிட்டர், எந்த நேரத்திலும் ஆள் வரும், இன்ஜின் நின்றுவிட்டது வாங்க என்று. பந்தியில் சாம்பார் ஊற்றியிருப்பார்கள், இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்துவிடுவார். சின்ன மாமன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு எழுந்து போனார், ஆளெல்லாம் பின்னால் திரும்பிப் பார்க்க நடு வரிசையிலிருந்து எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு போனார். இருபது வருஷமாகியும் அதைப் பேசுகிறார்கள். அம்மா ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள், தப்பா நெனச்சுக்காதீங்க, அவரு வேலை அப்படி. எனக்கு விவரம் தெரிந்து அம்மா சொன்ன ஒரே அறிவுரை, எங்க போனாலும் கடைசி வரைக்கும் இருந்துட்டு வா கண்ணு என்பதுதான். அதனால்தான் நான் உட்கார்ந்திருக்கிறேனா. கலெக்டரா காரணம், பொன்னாடையா, அம்மாவா. கடைசி வரைக்கும் இருந்துவிட்டு வரத்தான் இன்றைக்கு ஊரே வந்திருக்கிறது, எங்கள் சந்தில் ஒரு வீட்டில் ஆள் இல்லை, எல்லாம் இங்கே, நாலாவது வரிசையில் எதிர்வீட்டு மல்லிகாக்கா வாயில் பாக்குடன் உட்கார்ந்திருக்கிறார். சோதனைக்காரர் வந்தால் விசாரிக்கக்கூட ஆள் கிடையாது. அம்மா பூட்டிவிட்டுச் சாவியை மீட்டர் பெட்டி மேலேதான் வைத்திருப்பாள். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன், ஊரில் இருக்கிற அத்தனை திருடனுக்கும் அதுதான் முதல் இடம் என்று. பையில போட்டா தொலைஞ்சுபோகுது கண்ணு என்பாள்.

ஐந்து நாற்பத்தொன்று, அமைச்சர் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் எனக்கு ஒரு நிதானம் வந்தது, வரக்கூடாத நிதானம். வந்திருந்தால் இப்போது அவர்கள் வாசலில் நிற்கிறார்கள், வரவில்லையென்றால் இல்லை, இரண்டில் ஒன்று நடந்து முடிந்துவிட்டது, என் கையில் ஒன்றுமில்லை. அப்படியே நடக்கட்டுமே. தடை வந்தால் சோலாப்பூர் இல்லை. இரண்டாம் வகுப்பில் ராக்கெட் பையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு பயணம் இல்லை. முழங்காலில் ஊசி இல்லை, காலையில் படுக்கையிலிருந்து இறங்கும்போது இன்றைக்கு எந்தக் கால் என்று பயப்படவேண்டியதில்லை. பத்தொன்பது வயதுப் பெண்கள் வலையருகே வந்து கைகொடுத்து, சின்ன வயசுல உங்க மேட்ச் பாத்திருக்கேன் அக்கா என்று சொல்வதைக் கேட்கவேண்டியதில்லை. நான் நிறுத்தினேன் என்று நான் சொல்லவேண்டாம், நிறுத்திவிட்டார்கள் என்று ஆகிவிடும். பெல் அடிக்காததாலும் அமைச்சர் லேட்டாக வந்ததாலும் ராகு காலத்தாலும் என் ஆட்டம் முடிந்தது, நான் என்ன செய்ய. சே. எவ்வளவு சுகமாக இருக்கிறது இந்த நினைப்பு, அதுதான் பயமாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஒரு பந்து, குறுக்காக, கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி திரும்பிய பந்து, விட்டுவிடு என்று பயிற்சியாளரே கத்தினார். நான் ஓடினேன். ஓட முடிவெடுத்ததே எனக்குத் தெரியாது. எட்டி, மணிக்கட்டை மட்டும் திருப்பி, வலைக் கம்பத்துக்கு வெளிப்பக்கமாகவே அடித்தேன், அந்தப் பக்கம் கோட்டின் மேல் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை, ஸ்கோர் இல்லை, பயிற்சியாளர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். நான் அங்கேயே நின்று தனியாகச் சிரித்தேன். எனக்கு இன்னும் ஆடவேண்டும். யாரிடமும் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில், இந்தத் தரவரிசையில். ஆனால் எனக்கு ஆடவேண்டும். இந்த மேடையின் இரும்புக் கால்களை சர்வீஸ் கோட்டின் மேலேயே ஊன்றியிருக்கிறார்கள், புதுத் தரை அமுங்கிப் போயிருக்கும். இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல், என் பெயரை விட.

ஐந்து ஐம்பத்தைந்து. அமைச்சர், அன்புச் சகோதரி கோகிலவாணி அவர்கள் என்று ஆரம்பித்து ஸ்கோர்போர்டைப் பார்க்கிறார். அவரும் என்னைப் போலவே மணி எண்ணிக்கொண்டிருக்கிறார், பாவம். இன்னும் ஐந்து நிமிஷம், ஒன்றும் நடக்கவில்லை, தப்பித்தேன் போலிருக்கிறது என்று மூச்சு விட்ட அந்த நொடியில் அம்மாவின் மடியில் பை ஒளிர்ந்தது. அம்மா திறந்தாள். என் போன். சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருந்தேன், வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் அடித்தது. கையை நீளமாக நீட்டி, கண்ணைச் சுருக்கி, எண்ணைப் படித்தாள். தெரியாத எண். மேடையைப் பார்த்தாள், அமைச்சர் பேசுகிறார். அக்கம்பக்கம் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, விரலால் அழுத்திக் கட் செய்தாள். கடைசி ஐந்து நிமிஷத்தில் சில சோதனைக்காரர்கள் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார்கள், செய்தே ஆகவேண்டும் என்றில்லை, நல்ல மனசு இருக்கிறவர்கள் செய்வார்கள். வந்திருக்கிறார்கள். என் வீட்டு வாசலில், பச்சை கேட்டுக்கு வெளியே, இப்போது நிற்கிறார்கள். மறுபடி வெளிச்சம். அம்மா மறுபடி கட் செய்தாள், இந்தத் தடவை கோபமாக, போனைக் கவிழ்த்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். தெரியாத நம்பர் வந்தா எடுக்காதம்மா, கட் பண்ணு, மறுபடி வந்தாலும் கட் பண்ணு, ஓடிபி கேக்கறவனுங்க. நான் சொன்னது. உட்காரவைத்து, எப்படி அழுத்தவேண்டும் என்று விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது. அம்மா என்னைப் பார்த்து, நான் பார்த்துக்கறேன் கண்ணு என்கிற மாதிரி தலையசைத்தாள்.

எழுந்திருக்கிறேன் என்று நான் நினைக்கவில்லை. பொன்னாடைகள் காலடியில் விழுந்தபோதுதான் தெரிந்தது. கலெக்டர் நாற்காலியை நகர்த்தும்வரை காத்திருக்கவில்லை, முன்பக்கமாக, மைக் வயரைத் தாண்டி, மேடை விளிம்பில் கைவைத்துக் குதித்தேன். முழங்கால் ஒரு சொல் சொன்னது. குழந்தைவேலு "அம்மிணி, அம்மிணி, ஒரே நிமிசம்" என்றார். அமைச்சர் பேச்சு தடுமாறி நின்றது, ஆனால் நாற்பது வருஷ மேடை, உடனே பிடித்துக்கொண்டார். "பாருங்கள், பெற்ற தாயிடம் ஆசி பெறப் போகிறார்! இதுதான் நம் பண்பாடு!" கைதட்டல். கேமராக்காரர்கள் என்னைப் பார்த்தபடியே எனக்கு முன்னால் பின்னோக்கி ஓடினார்கள். அம்மா எழுந்து நின்று, குனியப் போகிறேன் என்று கையை உயர்த்தி, கண் கலங்கி. நான் குனியவில்லை. வீட்டுக்குப் போறம்மா என்றேன். "இப்பவா? பாதியில எந்திரிச்சா போவாங்க கண்ணு? என்ன நெனைப்பாங்க?" அந்த முகம் எனக்குத் தெரியும், சின்ன மாமன் கல்யாணத்தில் பார்த்த முகம். ஆடணும்மா என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கையை இறக்கினாள். தன் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டு எனக்கு வழிவிட்டாள்.

கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகி, செருப்பை வாசலில் விட்டு, மூடிய திரைக்குக் கீழே ஓடினேன். ஆட்டோ எதுவும் வேண்டாம், அமைச்சர் காருக்காக நுழைவுப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சைக்கிள்கூட நகராது. ஐந்நூறு மீட்டர் இருக்கும். இருபத்தைந்து வருஷமாக நான் ஓடியதெல்லாம் எட்டடி, பத்தடி, நின்று, திரும்பி, மறுபடி பத்தடி, இப்படி ஒரே திசையில் யாரும் என்னை ஓடவிட்டதில்லை. தார் சுட்டது. பாலத்தின் அடியில் தேங்கிய தண்ணீரில் சேலை நனைந்து பாரமானது, பஸ்ஸிலிருந்து யாரோ, "அதா பாரு, அந்தப் புள்ளதானே?" என்றார்கள். முழங்காலைப் பற்றி நினைக்காதே. வயிற்றை நினைக்காதே, வயிறு குலுங்குகிறது, பிடி, பிடித்துக்கொள், ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. தந்திக் கம்பம், அடுத்த கம்பம், அடுத்தது. கூம்பு ஒலிபெருக்கியைச் சந்து முனை வரை கட்டியிருக்கிறார்கள், அமைச்சர் கூடவே ஓடிவருகிறார், 'விடாமுயற்சி' என்கிறார். எத்தனை மணி. ஸ்கோர்போர்டு இல்லை. முதல் சந்து. இரண்டாவது சந்து. வெள்ளைக் கார் ஒன்று திரும்புவதற்காக ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, நான் இரண்டு கையாலும் அதன் பின்கண்ணாடியில் அடித்தேன்.

இறங்கியவர் நாற்பது வயதிருக்கும் பெண்மணி, தோளில் நீலப் பை, கையில் அட்டை வைத்த படிவம். அவர் முதலில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் பாதங்களை, பிறகு நனைந்த பட்டுச் சேலையை. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, கேட்டுக்கு முன்னாலயே திரும்பி நிக்கலாம்னுதான் வண்டியைத் திருப்பச் சொன்னேன் என்றார். "ரெண்டு தடவை கூப்பிட்டேன் மேடம், கட் பண்ணிட்டீங்க." "பேரு?" சொன்னேன். "ஐடி எதாவது?" அதுவும் அம்மாவின் பையில். நான் சந்து முனையைக் காட்டினேன். அங்கே என் ஃபிளெக்ஸ், இருபதடி உயரம், பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோவை இன்னும் வெளுப்பாக்கிப் போட்டிருந்தார்கள், கையில் கோப்பையுடன் சிரிக்கிறேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "அது நீங்களா?" இதுதாங்க நான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் படிவத்தில் உள்ள புகைப்படத்தோடு நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார், மணி ஐந்து ஐம்பத்தொன்பது. எழுதி முடிக்கும்போது ஒலிபெருக்கியில் கல்லூரி அம்மாள் ஆறு மணி ஆனதைச் சொல்லாமல் சொன்னார், இதோ அந்தப் பொன்னான தருணம் என்று. நாதஸ்வரம், வெடிச் சத்தம், என் பெயர், கைதட்டல். "உங்களத்தான் கூப்பிடறாங்க போலிருக்கே" என்றார் அவர். ஆமாங்க என்றேன். "மாதிரி எப்பத் தருவீங்க மேடம்? சில பேருக்கு ரெண்டு மணி நேரங்கூட ஆகும், நான் வெயிட் பண்றேன்." இப்பவே என்றேன். "வீடு பூட்டியிருக்கே." கேட்டைத் திறந்தேன், சுவரோரமாகப் போய், நுனிக்காலில் எம்பி, மீட்டர் பெட்டிக்கு மேலே கையை விட்டுத் துழாவினேன். சாவி இருந்தது.